மருந்தடி

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘பாலிடால்’ என்ற சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. நாவின் வசதிக்கேற்ப அது பாலிடாயில் என்றும் பால்டாயில் என்றும் திரிந்து வழங்கும். திரைப்பட நகைச்சுவையில் அது வரும். குடும்பச் சண்டையில் மிரட்டலாக வரும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் ஒப்பாரியோடும் வரும். குடித்த நஞ்சு எதுவாயினும் ஊர் அதற்கு இடும் பெயர் பெரும்பாலும் இதுவே. ஃபாலிடால் என்பது பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லிக்கு ஜெர்மனியின் பேயர் நிறுவனம் சூட்டிய வணிகப்பெயர். அந்தப் பாரத்தியானை உருவாக்கிய வேதியியலாளரே டாபுனையும் சாரினையும் உருவாக்கியவர். உலக நாடுகள் ஒன்றுகூடித் தடைசெய்து, டன் கணக்கில் எரித்தும் சிதைத்தும் ஒழித்த நரம்பு நஞ்சுகளின் வரிசையில் முன்னிற்பவை அவை. ஹேக் நகரில் இராஜதந்திரிகள் எச்சரிக்கையோடு உச்சரிக்கும் ஒரு வேதிக் குடும்பத்தின் பெயர், தேனி மாவட்டத்துச் சந்தைப் பேச்சில் அரைநூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கிவருகின்றது.

இதைவிடக் கவனத்துக்குரியது இன்னொரு சொல். பூச்சிக்கொல்லியைத் தமிழ் உழவர் ‘மருந்து’ என்பர்; அதைத் தெளிப்பதை ‘மருந்தடித்தல்’ என்பர். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடந்து கேரளத்துக்குள் நுழைந்தாலும் சொல் மாறுவதில்லை. சிறிய ஒலி வேறுபாட்டோடு மலையாளத்திலும் அது மருந்தடியே. மொழி மாறும் எல்லையில், சட்டம் மாறும் எல்லையில், மாறாமல் நிற்கும் சில சொற்களுள் இதுவும் ஒன்று. ஒரு பொருளை நஞ்சு என்று அழைப்பதா, மருந்து என்று அழைப்பதா, ஆயுதம் என்று அழைப்பதா என்ற கேள்வி உலக உடன்படிக்கைகளையும் அலைக்கழித்த கேள்விதான். அவை கண்ட விடையை இந்த மலைச்சரிவில் நின்று பார்க்கும்போது அதன் வலிமையும் குறையும் சேர்ந்தே தெரிகின்றன.

கெர்ஹார்ட் ஷ்ரேடர் ஆயுதம் தேடியவர் அல்லர். ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் லெவர்குசன் ஆய்வகத்தில் அவருக்கு ஒப்படைக்கப்பட்ட பணி புதிய பூச்சிக்கொல்லிகளைக் கண்டறிவது. 1936 டிசம்பரில் அவர் உருவாக்கிய ஒரு பாஸ்பரஸ் சேர்மம் மிகச் சிறிய அளவிலேயே அசுவினிகளைக் கொன்றது. சில வாரங்களில், மேசைமேல் சிந்திய ஒரு துளியால் அவருக்கும் உதவியாளருக்கும் கண்பாவைகள் ஊசிமுனையாய்ச் சுருங்கின, மூச்சு திணறியது. படைக்குப் பயன்படக்கூடிய கண்டுபிடிப்புகளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நாஜி ஆட்சியின் ஆணை. பூச்சிக்கொல்லியாக வயலுக்குச் செல்ல வேண்டியது இவ்வாறு டாபுன் என்னும் பெயரில் படைக்கலக் கிடங்குக்குச் சென்றது. 1938இல் சாரின் பிறந்தது. போர்க்காலத்தில் ஏறத்தாழ 12,000 டன் டாபுன் உற்பத்தியாயிற்று. போர்க்களத்தில் அது பயன்படுத்தப்படவில்லை. 1944இல் அதே ஷ்ரேடர் பாரத்தியானை உருவாக்கினார். போர் முடிந்தபின் அது உலகின் வயல்களுக்குப் பரவியது.

எதிர்த்திசைப் பயணமும் நடந்தது. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ரணஜித் கோஷ் அமிட்டான் என்ற பூச்சிக்கொல்லியை ஆய்ந்தார். டெட்ரம் என்ற பெயரில் சந்தைக்கு வந்த அது, வயலில் பயன்படுத்த முடியாத அளவுக்கு நச்சுடையது என்று திரும்பப் பெறப்பட்டது. ஆனால் போர்ட்டன் டவுன் ஆய்வாளர்கள் அதன் தொடர்ச்சியாகவே வி.எக்ஸ். என்னும் கொடிய நரம்பு நஞ்சை அடைந்தனர். ஆயுதத்துக்கும் மருந்தடிக்கும் இடையில் ஓர் அகழி இருப்பதாகக் கற்பனை செய்வோருக்கு இந்த இரண்டு ஆய்வகங்களின் வரலாறு இடைஞ்சலாகவே இருக்கும்.

இவை அனைத்தும் உடலில் செய்யும் வேலை ஒன்றே. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின், வேலை முடிந்ததும் சிதைக்கப்பட வேண்டும். சிதைக்கும் நொதி அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். ஆர்கனோபாஸ்பேட் சேர்மங்கள் அந்த நொதியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கின்றன. செய்தி ஓயாமல் ஒலிக்கின்றது: எச்சில் வடிகின்றது, வியர்வை ஊறுகின்றது, பாவை சுருங்குகின்றது, தசை துடித்துத் துவள்கின்றது, நுரையீரலில் நீர் நிறைகின்றது. சாரினுக்கும் தோட்டத்தில் தெளிக்கப்படும் குயினால்பாஸுக்கும் இடையிலான வேறுபாடு வீரியத்திலும் வேகத்திலும் உள்ளது. அது மிகப் பெரிய வேறுபாடு என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் நொதிக்கு அது பெயர் கேட்பதில்லை. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரினுக்கு ஆளானோருக்கு மருத்துவர்கள் செலுத்தியவை அட்ரோபினும் பிராலிடாக்சிமும். தமிழகத்தின் எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ‘மருந்து குடித்து’ வந்தவருக்குச் செலுத்தப்படுபவையும் இவையே. நம் ஊர் செவிலியர் இரவு தோறும் கையாளும் முறிமருந்து, பிற நாடுகளில் போர்வீரரின் சட்டைப்பையில் தானியங்கி ஊசியாக இருக்கின்றது.

கேரளம் இந்தக் குடும்பத்தை முதலில் அறிந்தது வயலின் வழியே அன்று, உணவின் வழியே. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய மதராஸ் மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திடீரென மாண்டனர். கப்பலில் ஃபாலிடாலும் கோதுமை மாவும் ஒன்றாக ஏற்றிவரப்பட்டபோது கசிந்த நஞ்சு மாவு மூட்டைகளில் ஊறியிருந்தது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. நாட்டில் பூச்சிக்கொல்லிகளுக்கென ஒரு முழுமையான சட்டம் இல்லாத நிலையை அந்த மரணங்களே வெளிப்படுத்தின. அதன் விளைவுதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம். இன்றுவரை இந்தியா முழுமைக்கும் ஆள்கின்ற அச்சட்டத்தின் பிறப்புச் சான்றிதழில் மலையாளிகளும் தமிழர்களும் சேர்ந்தே இறந்த செய்தி எழுதப்பட்டுள்ளது. பாரத்தியானின் உடன்பிறப்பான மீத்தைல் பாரத்தியானை இந்திய அரசு முற்றாகத் தடைசெய்தது 2018 ஆகஸ்டில். அறுபது ஆண்டுகள்!

ஆயுதங்களின் கதை வேறு வேகத்தில் நடந்தது. அதுவும் விரைவான கதையன்று. 1915 ஏப்ரல் 22 அன்று இப்ர போர்முனையில் ஜெர்மனி குளோரினைத் திறந்துவிட்டது. நான்கு நாள் கழித்து அதே முனையில் வாயுத் தாக்குதலுக்கு ஆளானவர்களில் இந்தியப் படையின் லாகூர் பிரிவினரும் இருந்தனர்; அன்றைய வீரத்துக்காக ஜமாதார் மீர் தஸ்த் விக்டோரியா சிலுவை பெற்றார். 1925இன் ஜெனீவா நெறிமுறை பயன்பாட்டைத் தடைசெய்தது. உற்பத்தியையும் இருப்பையும் தொடவில்லை. அந்த ஓட்டையை அடைக்க உலகுக்கு 68 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1993 ஜனவரியில் பாரிசில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட இரசாயன ஆயுத உடன்படிக்கை 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று 193 நாடுகள் அதில் உறுப்பு வகிக்கின்றன.

அதன் சிறப்பு எங்கே இருக்கிறது என்பதை ஆராய்ச்சி மாணவர்கள் கூடப் பலவேளை தவறவிடுகின்றனர். தடை என்பது பழைய செய்தி. இந்த உடன்படிக்கை கொண்டுவந்த புதுமை சரிபார்ப்பு. இருப்பை அறிவிக்க வேண்டும். அறிவித்ததை ஆய்வாளர்கள் எண்ணுவர். அழிக்கும் ஆலை இயங்கும் காலமெல்லாம் அங்கேயே இருந்து பார்ப்பர். தனியார் இரசாயனத் தொழிற்சாலைகளுக்கும் செல்வர். எந்த நாட்டின் சொல்லையும் அது சொல்லாக மட்டும் ஏற்பதில்லை.

இந்தியாவின் நடத்தையே இதற்கு நல்ல சான்று. 1992 ஆகஸ்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் புதுதில்லியில் இரசாயன ஆயுதங்களின் முழுத் தடை குறித்துக் கூட்டறிக்கை வெளியிட்டன. அத்தகைய ஆயுதங்கள் தங்களிடம் இல்லை என்பதே அதன் சாரம். ஐந்தாண்டுகள் கழித்து, உடன்படிக்கையின் கட்டாயத்தால், தன்னிடம் கடுகு வாயு இருப்பதை இந்தியா அறிவித்தது. அளவு ஏறக்குறைய 1,044 டன். 2009 மார்ச்சில் அது முழுவதும் அழிக்கப்பட்டது. அல்பேனியா, தென்கொரியா ஆகியவற்றுக்குப் பின் இருப்பை முற்றாக ஒழித்த மூன்றாவது நாடு இந்தியா. இரு நாட்டுக் கூட்டறிக்கை சாதிக்காததை எண்ணிப் பார்க்கும் அதிகாரமுடைய ஓர் அமைப்பு சாதித்தது. இரசாயன ஆயுதத் தடை அமைப்புக்கு 2013இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டதும், 2023 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் கடைசி சாரின் ராக்கெட் அழிக்கப்பட்டதோடு அறிவிக்கப்பட்ட 72,304 டன் இருப்பும் ஒழிந்ததும் அதே நெறியின் விளைவுகள். சிரியா உறுப்பினரான பின்னரும் அங்கே நஞ்சு பயன்படுத்தப்பட்டது. எதிர்பாராச் சோதனைக்கு வழிசெய்யும் பிரிவு இதுவரை ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை. இக்குறைகளைச் சேர்த்தே கணக்கிட்டாலும் ஆயுதக் களைவு வரலாற்றில் இதற்கு இணையான வெற்றி அரிது.

உடன்படிக்கை ‘இரசாயன ஆயுதம்’ என்பதை எப்படி வரையறுக்கிறது? மூலக்கூறுகளின் பட்டியலால் அன்று, நோக்கத்தால். நச்சுத்தன்மையுள்ள எந்த வேதிப்பொருளும் ஆயுதமே. வேளாண்மை, தொழில், மருத்துவம், ஆராய்ச்சி முதலிய தடைசெய்யப்படாத நோக்கங்களுக்காக, அதற்கேற்ற வகையிலும் அளவிலும் இருந்தாலன்றி. பட்டியல்கள் சரிபார்ப்புக்காக மட்டுமே உள்ளன. அவற்றின் இரண்டாம் அட்டவணையில், ஒருகாலத்தில் கடையில் விற்ற அமிட்டான் இன்றும் இடம்பெற்றிருக்கிறது. பூச்சிக்கொல்லி உற்பத்தியில் பயன்படும் பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடும் பாஸ்ஜீனும் மூன்றாம் அட்டவணையில் உள்ளன. அறிவார்ந்த வரையறை இது. நாளை கண்டுபிடிக்கப்படும் நஞ்சையும் இது தானாகவே பிடித்துவிடும். ஆனால் ‘வேளாண்மை’ என்ற சொல்லுக்கு அப்பால் அது கண்ணை மூடிக்கொள்கின்றது. மூடத்தான் வேண்டும், அதன் வேலை போரைத் தடுப்பது. பாஸ்பரஸ் ட்ரைகுளோரைடு தொழிற்சாலை வாயிலைக் கடக்கும்வரை அதைப் பற்றிக் கணக்குக் கேட்க ஒருவர் இருக்கிறார். பூச்சிக்கொல்லியாகப் புட்டியில் அடைபட்டு மலையேறியபின் கேட்பதற்கு ஆளில்லை.

மலையேறுபவை புட்டிகள் மட்டும் அல்ல. விடியுமுன் போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து கூலிப்பெண்களை நெருக்கி ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியே உடும்பஞ்சோலை வட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படுகின்றன. மாலையில் திரும்புகின்றன. தோட்டம் கேரளத்தில், வீடும் குடும்ப அட்டையும் வாக்கும் தமிழ்நாட்டில். ஏலம் நிழலும் ஈரமும் விரும்பும் பயிர். அதன் பூங்கொத்துகளை இலைப்பேனும், தண்டையும் காயையும் துளைப்பானும் விடாது தாக்கும். ஞள்ளாணி போன்ற உயர்விளைச்சல் வகைகள் பரவிய பின் நீரும் உரமும் மருந்தடியும் கூடின. ஆண்டில் பலமுறை தெளிப்பது தோட்டத்தின் இயல்பான நாட்காட்டி ஆயிற்று. தெளிப்பவர் பெரும்பாலும் ஆண்கள். களையெடுப்பதும் காய் பறிப்பதும் பெண்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த தழைக்குள், செடியின் அடியில் குந்தி அமர்ந்து, தரையோடு படர்ந்த கொத்துகளில் முற்றிய காயை மட்டும் தேர்ந்து எடுக்கும் வேலை அது. நேற்றுத் தெளித்த இலை இன்று அவர்கள் முகத்தில் உரசும். பனியும் மழையும் அதைக் கரைத்துக் கழுத்தில் இறக்கும். ஆர்கனோபாஸ்பேட் சேர்மங்கள் தோலின் வழியே உடலுக்குள் செல்பவை.

தலைவலி, கண் மங்கல், குமட்டல், கைநடுக்கம் என்று எதைச் சொன்னாலும் ‘மலைக்காற்று’, ‘பசி’, ‘ஜீப் குலுக்கல்’ என்று ஒரு காரணம் கைவசம் இருக்கும். மெல்லிய நச்சேற்றத்தின் அறிகுறிகள் வறுமையின் அறிகுறிகளைப் போலவே இருப்பது இந்த வேதிக் குடும்பத்துக்கு வாய்த்த வசதி.

சட்டத்தில் இதற்கு வழியில்லை என்று எவரும் கூற முடியாது. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் விதிகளுள் 37ஆம் விதி, மருந்தடிக்கும் பணியில் அமர்த்தப்படுவோரை வேலைக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்கின்றது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைகளோடு வேலை செய்வோரின் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை மாதந்தோறும் அளக்க வேண்டும் என்றும் அது பணிக்கின்றது. மாதந்தோறும்! கூர்ந்து படித்தால் வியப்பே எஞ்சும். ஏனெனில் அறிவியலில் இதைவிடச் சரியான விதியை எழுத முடியாது. இந்த நொதியின் அளவு உடல் தானே எழுதி வைத்திருக்கும் வருகைப் பதிவேடு. அது தன் வழக்கமான அளவிலிருந்து சரிந்தால் வேலையை நிறுத்தி ஓய்வளிக்க வேண்டும், மீண்டபின் அனுப்பலாம். விரல்நுனிக் குருதியில் அளக்கும் கையடக்கக் கருவிகளும் உள்ளன. ஆனால் ஏலத்தோட்டக் கூலிகளிடையே அத்தகைய மாதாந்தரப் பரிசோதனை வழக்கமாக நடப்பதாகக் கூற எவரும் துணியார். காய் பறிக்கும் பெண்ணோ விதியின் சொற்களுக்குள்ளேயே வருவதில்லை. அவள் மருந்தைக் ‘கையாள்பவள்’ அல்லள். மருந்து அவள்மேல் படுகின்றது, அவ்வளவே.

உடலை அளக்கும் திறன் இந்நாட்டில் இல்லாமற்போயிற்று என்பதும் பொருந்தாது. இரண்டாம் உலகப்போருக்கு முன்னும் போர்க்காலத்திலும் ராவல்பிண்டியில் போர்ட்டன் டவுன் அறிவியலாளர்கள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கடுகு வாயுவுக்கு ஆட்படுத்தி, இந்தியத் தோல் ஆங்கிலத் தோலைவிட எளிதில் கொப்பளிக்குமா என்று அளந்த செய்தி 2007இல் கார்டியன் நாளிதழ் வழியே வெளியாயிற்று. போருக்குத் தேவைப்பட்டபோது கூலிக்கு வந்த இந்திய உடல் அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்டது. தோட்டத்தில் அதே வகை உடலை அளக்கச் சட்டமே ஆணையிட்டும் அளப்பார் இல்லை.

இடுக்கியிலிருந்து வடக்கே, பொள்ளாச்சிக்கு மேற்கே, பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை இருக்கின்றது. கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியை ஒட்டிய, தமிழ் பேசுவோர் மிகுந்த எல்லை ஊராட்சி. இங்குள்ள மாந்தோப்புகளின் பெருமை, நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்பே காய்த்துவிடுவது. பருவம் தொடங்கும் முன் வட இந்தியச் சந்தைக்குச் செல்லும் மாம்பழத்துக்கு நல்ல விலை. முந்திப் பூப்பதைக் காக்க முந்தி மருந்தடிக்க வேண்டும். எண்டோசல்ஃபான் பேசப்பட்ட காலத்தில் காசர்கோட்டுக்கு அடுத்து முதலமடையின் பெயரும் செய்திகளில் அடிபட்டது. குறைபாடுகளோடு பிறந்த குழந்தைகளைக் காட்டிப் போராட்டங்கள் எழுந்தன. எண்டோசல்ஃபான் வேறு குடும்பம் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அது ஆர்கனோகுளோரின் வகை. நரம்பு நஞ்சுகளோடு அதற்கு வேதி உறவு இல்லை. தனியொரு குழந்தையின் குறைபாட்டைத் தனியொரு தெளிப்போடு பிணைத்து நிறுவுவது நோய்ப்பரவலியலில் மிகக் கடினம் என்பதும் உண்மை. அந்தக் கடினத்தையே காலம் கடத்தும் கருவியாக்கிக் கொண்டவர்கள் பலர் என்பதும் உண்மை.

காசர்கோட்டில் கேரளத் தோட்டக்கழகத்தின் முந்திரித் தோப்புகள்மீது ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் பொழிந்தது ஏறத்தாழ இரண்டு பதின்மங்கள். அது நின்றது 2000இல். கேரளம் 2005இல் தடைநிலைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் அது தாராளமாய் விற்றது. எல்லைக்கு அப்பாலிருந்து முதலமடைத் தோப்புகளுக்கு அது வருகின்றது என்ற குற்றச்சாட்டு எழ அதிக நாள் ஆகவில்லை. 2011 ஏப்ரல் இறுதியில் ஜெனீவாவில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் கூடியபோது, முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் திருவனந்தபுரத்தில் உண்ணாநோன்பு இருந்தார். இந்தியப் பேராளர்களோ உலகத் தடையை எதிர்த்து, இறுதியில் விலக்குகளோடு இணங்கினர். அந்த ஆண்டு மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரி 10 அன்று பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கக் கேரள அரசுக்கு ஆணையிட்டது. ஜெனீவாவும் தில்லியும் அசைந்த பிறகே கோவிந்தாபுரத்துச் சாவடிக்கு இருபுறமும் ஒரே சட்டம் வந்தது.

அதே 2011 மே மாதத்தில் கேரளம் ஃபோரேட், கார்போஃப்யூரான், மோனோகுரோட்டோபாஸ், ப்ரொஃபெனோபாஸ் உள்ளிட்ட 14 பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லி, களைக்கொல்லிகளுக்குத் தடை அறிவித்தது. துணிவான செயல். ஆயினும் பதிவு செய்யும் அதிகாரம் மைய அரசிடம் இருக்கின்றது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநிலத்துக்கு அளிப்பது 60 நாள் தற்காலிகத் தடை மட்டுமே. நடுவே ஒரு மலை. ஒருபுறம் தடை, மறுபுறம் உரிமம் பெற்ற கடை. இரும்புக் கதவுடன் நிற்கும் வனத்துறைச் சாவடிகளும், 2017 வரை காய்கறி வண்டிகளை நிறுத்திய வணிகவரிச் சாவடிகளும் அரை லிட்டர் புட்டியைத் தேடுவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. இந்த இடத்தில் எல்லையோரத் தோட்டக்காரரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது எளிது, நியாயமன்று. இலைப்பேன் தாக்கிய ஏலக்காய்க்குச் சந்தையில் விலை விழும். ஓராண்டுக் கடன் அவர் தலையில் நிற்கும். கடைக்காரர் சொல்வதே அவருக்குக் கிட்டும் வேளாண் ஆலோசனை.

‘பூச்சிக்கொல்லியும் இரசாயன ஆயுதமே’ என்ற முழக்கத்தால் பயனும் இல்லை. சிரியாவின் கூட்டா பகுதியில் 2013 ஆகஸ்டில் உறங்கிய குழந்தைகளைக் கொன்ற கையையும் ஏலத்தைக் காக்கத் தெளிக்கும் கையையும் ஒரே சொல்லால் குறிப்பது முன்னதன் கொடுமையைக் குறைக்கும். பின்னதைத் திருத்தவும் உதவாது. நோக்கத்தால் பிரித்த உடன்படிக்கை சரியாகவே பிரித்தது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் சொல்லை அன்று, அதன் முறையை: அறிவிக்கச் செய்தல், எண்ணுதல், நேரில் சென்று பார்த்தல்.

தடையால் பயன் விளையுமா என்று ஐயுறுவோருக்கு இலங்கை விடை கூறும். அங்கு 1995இல் தற்கொலை வீதம் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. அவ்வாண்டு மெத்தமிடோபாஸும் மோனோகுரோட்டோபாஸும், 1998இல் எண்டோசல்ஃபானும் தடைசெய்யப்பட்டன. 2005க்குள் வீதம் பாதியாயிற்று. வாழ்வின் துயரம் பாதியாகவில்லை, போரும் ஓயவில்லை. கைக்கெட்டிய நஞ்சின் வீரியம் குறைந்தது; மருத்துவமனைக்கு வந்தவர்கள் பிழைத்தார்கள். ஆர்கனோபாஸ்பேட் நச்சேற்றத்தில் முதல் நெருக்கடி தணிந்த பின் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளரும் ‘இடைநிலை நோய்த்தொகுதி’யை 1987இல் உலகுக்கு விளக்கியவர்களும் இலங்கை மருத்துவர்களே: சேனநாயக்கவும் கரல்லியத்தவும். குடிப்பவர் மட்டுமே சாகின்றனர் என்று எண்ணுவோர் 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலைப் பார்க்கலாம். அங்கே பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர், எதையும் குடிக்காமலேயே, சில மாதங்களில் இறந்தனர்.

மலைக்கு மீள்வோம். ஏலக்காயின் மின்னணு ஏலம் தமிழ்நாட்டில் போடிநாயக்கனூரிலும் கேரளத்தில் புற்றடியிலும் நடைபெறுகின்றது. (பொருளுக்கும் விற்பனை முறைக்கும் ஒரே பெயர் வாய்த்தது தமிழின் விளையாட்டு.) வெளிநாட்டுக்குச் செல்லும் காயில் நஞ்சு எச்சம் எவ்வளவு என்று ஆய்வகம் பார்க்கின்றது, அளவு மீறினால் சவூதி அரேபியா சரக்கைத் திருப்பிவிடும் என்ற அச்சம் வணிகரையும் நறுமணப் பொருள் வாரியத்தையும் சேர்த்தே உலுக்கியிருக்கின்றது. அந்த அச்சத்தால் சில தோட்டங்களில் தெளிப்பு குறைந்ததும் உண்டு. சரிபார்ப்பு இருந்தால் நடத்தை மாறும் என்பதற்கு ஹேக் வரை செல்ல வேண்டியதில்லை. ரியாதில் காபியில் கலந்து பருகுபவரின் உடலுக்காகக் காயை அளக்கும் கருவி இங்கே இருக்கிறது. காயைப் பறித்தவளின் இரத்தத்தை அளக்கும் கருவி அதைவிட மலிவானது.

செய்ய வேண்டியது பெரிதன்று. போடியிலும் கம்பத்திலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. மலைக்கு மேலே கேரளத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. தெளிப்புக் காலத்துக்கு முன் ஓர் அளவு, பின் மாதம் ஓர் அளவு, இரு மாநிலங்களும் பார்க்கக்கூடிய ஒரே பதிவேடு. தோட்டத்தில் எந்த நாளில் எந்த மருந்து அடிக்கப்பட்டது என்று வாயிலில் ஒரு பலகை. அதன்பின் எத்தனை நாள் பறிப்புக்கு ஆள் இறங்கக் கூடாது என்பதும் அதே பலகையில். 37ஆம் விதியின் சொற்களுக்குள் காய் பறிப்பவளையும் சேர்க்க ஒரு வரித் திருத்தம். முதலமடையின் மாந்தோப்புகளுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

தடங்கல் வேறிடத்தில் இருக்கின்றது. நச்சு உடலில் ஏறுவது கேரளத்து மண்ணில். மயக்கம் வருவது பெரும்பாலும் இரவில், தமிழ்நாட்டு வீட்டில். கேரளத்தின் தொழில் துறைக்கு அவள் வேற்று மாநிலத்துத் தினக்கூலி; தமிழ்நாட்டின் சுகாதாரத் துறைக்கு அவளுடைய பணியிடம் வேறு மாநிலம். எந்த அலுவலர் அவளைக் கையை நீட்டச் சொல்ல வேண்டும் என்பது இரு தலைமைச் செயலகங்களிலும் இன்னும் எழுதப்படாத கோப்பு.